விமானம் செய்யும் நாரும் பசையும்

(மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஆகாய விமானத்தின் உறுப்புகளைக் கூட்டுப்பொருள்களால் ஆக்கும் முறையாகும். இதனை அறிவித்த அன்றே பெரியவர் ஒருவர், "தம்பிமார் கல்லடியில விமானம் கட்டப் போறீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விமானம் நாம் கட்டப்போவதில்லை. ஆனால் விமானத்தின் வாலும் இறக்கையும் எக்குலத்துப் பொருளால் ஆக்கப்படுகின்றனவோ, அக்குலத்துப் பொருளால் ஆன தோணிகளிலேதான் நம்மவர் நாள்தோறும் வாவிக்கும் கடலுக்கும் போய் வருகின்றனர். கண்ணாடி நாரையும் றெசின் என்னும் பசையையும் சேர்த்து ஆக்கிய 'பைபர்' தோணி, விமானத்தின் காபன் நார் இறக்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி. தமையன் வளர்ந்த வளர்ப்பு எத்தகையது, தம்பி வளர்ந்த வளர்ப்பு எத்தகையது என்பதே நாம் இங்கு ஆராயப்புகும் செய்தி.

புட்பக விமானம் நம்மிடம் இருந்ததென்று மேடைதோறும் பேசுகின்றோம். இதிகாசத்தை இதிகாசமாகக் கற்பது நன்றே. ஆயினும் இக்காலத்து விமானம் எதனால் ஆனது என்று ஒருவர் வினவ, "தகரத்தால்" என்று நாம் விடை கூறுவோமாயின் அந்தப் பெருமை வாய்ப்பெருமையாகவே முடியும். நம் கல்லடி உப்போடையிலே சமாதி கொண்டுள்ள சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்றுத் தேர்ந்தவர். 1930களில் சென்னையிலே கலைச்சொல்லாக்கக் குழுவிற்குத் தலைமை தாங்கியவர். அவர் வாழ்ந்த மண்ணில் இப்பொருளைத் தமிழிற் பேசுவதற்கு நாம் கூச வேண்டியதில்லை.

கூட்டுப்பொருள் என்பது யாது? நம் பழைய வீடுகளின் மண்சுவரை நினைத்துப் பாருங்கள். களிமண்ணோடு வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்துக் குழைத்தார்கள் நம் முன்னோர். களிமண் தனியே நின்றால் காய்ந்து வெடிக்கும். வைக்கோல் தனியே நின்றால் துவளும். இரண்டும் சேர்ந்தவிடத்து, வைக்கோல் இழுவையைத் தாங்க, களிமண் வைக்கோலை அதன் இடத்திலே பிடித்து வைத்திருக்கிறது. இதுவே முழுத் தத்துவம். வைக்கோலின் இடத்திற் கண்ணாடி நாரையோ காபன் நாரையோ வைத்து, களிமண்ணின் இடத்திற் பொலியெஸ்ரர் அல்லது எப்பொக்சிப் பசையை வைத்தால் இன்றைய கூட்டுப்பொருள் கிடைக்கும்.

காபன் நார் ஒன்றின் பருமன் நம் தலைமயிரின் பத்திலொரு பங்களவே. அந்நாரும் பசையும் சேர்ந்து இறுகிய பலகை நீரைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு அடர்த்தியுடையது. விமானத்துக்குரிய அலுமினியம் 2.8 மடங்கு, உருக்கு 7.8 மடங்கு. நார் ஓடும் திசையில் இழுத்தால் அப்பலகை உருக்கோடு போட்டியிடும்; நாருக்குக் குறுக்கே இழுத்தாலோ பசையின் பலம் மட்டுமே மிஞ்சும். விறகை நாரோடு பிளப்பதும் நாருக்குக் குறுக்கே வெட்டுவதும் ஒன்றல்ல என்பதை விறகு கொத்தும் பிள்ளையும் அறியும். ஆதலால் விமானத்துக்கு ஆக்குவோர் ஒரு படையை நீளவாக்கிலும், அடுத்ததை 45 பாகை சரித்தும், பிறிதொன்றைக் குறுக்கேயும் அடுக்குகின்றனர். நம் பெண்கள் பன்பாய் இழைக்கும்போது ஒரு பன்னை நெடுக்கிலும் மற்றதைக் குறுக்கிலும் ஓட்டுவது இந்த அறிவினாலேதான். எப்பக்கத்தில் எவ்வளவு பாரம் வருமோ அப்பக்கத்தில் அவ்வளவு நாரை வைக்கலாம் என்பது உலோகத் தகட்டிற் கிட்டாத வசதி.

இவ்விடத்தில் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். உலோகத்திலே பொருள் முன்னே பிறக்கிறது. உறுப்புப் பின்னே பிறக்கிறது. அலுமினியத் தகடு ஆலையிலேயே சோதிக்கப்பட்டு வருகின்றது. வேலையாள் அதனை வெட்டலாம், வளைக்கலாம், ஆணி அடிக்கலாம். தகட்டின் குணத்தைப் பெரிதும் மாற்றிவிட மாட்டார். கூட்டுப்பொருளிலோ பொருளும் உறுப்பும் ஒரே பொழுதில், ஒரே அச்சிற் பிறக்கின்றன. நாரும் பசையும் எவ்வளவு உயர்ந்தவையாயினும், அவற்றை அடுக்கிய கையின் நேர்மையும் கவனமும் எவ்வளவோ அவ்வளவே அந்த உறுப்பின் பலம். இறுகிய பின் மேற்பூச்சு பளபளவென்று நிற்கும். உள்ளே என்ன நடந்ததென்று கண்ணாற் காணல் அரிது. நம் கல்லடிப் பழைய பாலம் 1924 இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம். இரும்பு தன் நோயைத் துருவாக வெளியிலே சொல்லும். இந்தப் பொருள் சொல்லாது.

இனி, ஆக்கும் முறைக்கு வருவோம். படகுப் பட்டறையில் நடப்பதை நம்மிற் பலர் கண்டிருப்பர். அச்சுக்கு மெழுகு பூசி, அதன்மேல் நிறப்பூச்சுப் பூசி, கண்ணாடி நார்ப் பாயை விரித்து, கடினமாக்கும் திரவம் கலந்த பசையைத் தூரிகையாற் பூசி, உருளையால் அழுத்தி உருட்டுகின்றனர். உருட்டுவது எதற்கு? உள்ளே அகப்பட்ட காற்றை வெளியேற்றத்தான். காற்றுக் குமிழி இருக்கும் இடத்தில் நாரைப் பிடித்திருக்க எதுவும் இல்லை; விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். மேலும், கடினமாக்கும் திரவத்தைக் கலந்த கணத்திலிருந்து பசைக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. நம்மூர் நண்பகல் வெயிலில் அது விரைந்து சூடேறி இறுகிவிடும். அவசரப்படுபவர் உருளையை வைத்துவிட்டு அடுத்த பாயை விரிப்பார். இது கையால் அடுக்கும் முறை எனப்படும். பெரிய அச்சுக்கும் குறைந்த முதலுக்கும் ஏற்றது. ஆனால் முழுவதும் கையை நம்பியது.

விமானத் தொழிற்சாலையில் இந்தக் கையின் பிழைகளை ஒவ்வொன்றாகக் கட்டிப்போடுகின்றனர். பசையை அங்கே தூரிகையாற் பூசுவதில்லை. ஆலையிலேயே அளவாகப் பசை ஊட்டப்பட்ட நார்த்தாள் வருகின்றது. அது வழியிலே இறுகிவிடாதிருக்க 0 பாகைக்கும் 18 பாகை கீழான குளிரில் வைக்கின்றனர். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக்கூடாது. குளிர்ந்த தாளிற் பனிநீர் படியும், அந்த ஈரம் சூட்டில் ஆவியாகிக் குமிழியாகும். பொறுத்திருந்து, தூசு வடிகட்டப்பட்ட அறையிலே விரித்து, வரைபடத்திற் சொன்ன பாகைக்கு வெட்டி, ஒவ்வொன்றாக அடுக்குகின்றனர். ஒரு தாளின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கு அளவில் இருக்கும். தாளின் பின்புறத்துக் காப்புக் கடதாசியில் ஒரு துண்டைக் கிழிக்க மறந்துவிட்டால் அது உள்ளேயே அடைபட்டுப் போகும். ஆகவே கிழித்த கடதாசிகளையும் எண்ணிக் கணக்கு வைக்கின்றனர். நாம் வாசித்தவற்றுள் எம்மை மிகவும் கவர்ந்த செய்தி இதுதான்: உறுப்பிலே இருப்பதை மாத்திரமன்றி, இல்லாதிருக்க வேண்டியதையும் எண்ணுகின்றார்கள்!

அடுக்கி முடிந்ததும் மேலே பிளாஸ்ரிக் உறையை மூடி, ஓரங்களை அடைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பர். அப்பொழுது வெளியிலுள்ள வளிமண்டலமே அதனை அழுத்துகின்றது. ஒரு சதுர மீற்றர் பரப்பின்மேல் ஏறத்தாழ பத்துத் தொன் பாரம்! ஒரு காசும் செலவில்லாது கடவுள் தந்த அழுத்தி. அதுவும் போதாதென்று உறுப்பை ஓட்டோகிளேவ் என்னும் பெரிய உருளையடுப்பினுள் வைத்துப் பூட்டுகின்றனர். ஆசுபத்திரியிலே கருவிகளை அவிக்கும் பெட்டிக்கும் இதே பெயர்தான். வீட்டிலே உள்ள பிறஷர் குக்கர் இதன் சின்னப் பிள்ளை. விமான உறுப்புக்குரியது ஓர் அறையளவு பெரியது. உள்ளே 180 பாகை அளவு சூடும் ஏழு வளிமண்டல அளவு அமுக்கமும் கொடுத்துச் சில மணித்தியாலம் வைத்திருப்பர். எந்நிமிடத்தில் எவ்வளவு சூடு இருந்ததென்று பதிவாகிக்கொண்டே இருக்கும். வெளியே வந்த உறுப்பைப் புறவொலி அலையால் சோதிப்பர். நாணயத்தால் தட்டிப் பார்ப்பதும் உண்டு. மண்பானை வாங்கும்போது நம் அம்மாமார் விரலால் தட்டிப் பார்ப்பது போலவே.

இந்த அடுப்பு விலை மிகுந்தது. ஆதலின் வேறு வழிகளும் உண்டாயின. உலர்ந்த நாரை அச்சில் அடுக்கி மூடிவிட்டு, உறிஞ்சும் விசையாற் பசையை உள்ளே இழுத்து ஊட்டுவது ஒன்று. பெங்களூரிலுள்ள தேசிய விண்ணூர்தி ஆய்வுகூடத்தார் இம்முறையைத் தம் சிறிய பயணிகள் விமான வேலைக்கென வளர்த்தெடுத்தனர். போயிங் 787 விமானத்தின் உடலோ, சுழலும் பெரிய அச்சின்மேல் இயந்திரம் நார்ப்பட்டிகளை ஒட்டிக்கொண்டே போக, முழுப் பீப்பாயாக உருவாகின்றது. 2009 மார்கழியில் முதன்முதற் பறந்த அவ்விமானத்தின் கட்டமைப்பில் நிறையாற் பாதி கூட்டுப்பொருள்.

இவ்வளவும் நேர்வழியில் வந்துவிடவில்லை. இங்கிலாந்தின் ரோல்ஸ் றொய்ஸ் கம்பனி 1960களின் பிற்பகுதியில் ஆர்பி 211 என்னும் ஜெட் இயந்திரத்துக்குக் காபன் நாரால் விசிறி அலகுகள் செய்தது. இலேசானவை, பலமானவை, எல்லாச் சோதனையிலும் தேறியவை, ஒன்று நீங்கலாக. ஓடும் இயந்திரத்தினுள் பறவையொன்று புகுந்தால் என்னாகும் என்று 1970 இற் சோதித்தபொழுது அலகுகள் சிதறிப்போயின. நெடுக்கு இழுவையை வென்ற நார் குறுக்கு அடிக்குத் தோற்றது. கம்பனி தைத்தேனியம் என்னும் உலோக அலகுக்குத் திரும்பிற்று. அந்த இயந்திரத்தாலான செலவு பெருகி 1971 மாசி 4 ஆந் திகதி ரோல்ஸ் றொய்ஸ் கம்பனியே முறிந்துபோக, பிரித்தானிய அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்க நேர்ந்தது. எத்தகைய பெயர்! எத்தகைய வீழ்ச்சி! ஆனால் பாடம் வீண்போகவில்லை. 1995 இல் சேவைக்கு வந்த ஜிஈ 90 என்னும் அமெரிக்க இயந்திரத்தின் காபன் நார் அலகுகளுக்கு முன்விளிம்பிலே தைத்தேனியக் கவசம் இட்டனர், அவை நிலைத்துவிட்டன.

மற்றொன்று, 2001 கார்த்திகை 12 ஆந் திகதி நியூயோர்க்கிலே விழுந்த எயார்பஸ் விமானத்தின் கதை. விமானத்திலும் நிலத்திலுமாக 265 உயிர்கள் போயின. கூட்டுப்பொருளால் ஆன வாற்செட்டை வானத்திலேயே கழன்றிருந்தமையால் பழி முதலிற் பொருளின்மேல் விழுந்தது. விசாரணையோ வேறு கண்டது. திசைமாற்றும் சுக்கானை மாறி மாறி மிகையாக மிதித்ததால், செட்டை எந்த எல்லைவரை தாங்க வேண்டுமென்று அமைக்கப்பட்டதோ அதற்கு மேலும் தாங்கிய பின்னரே முறிந்ததென்பது அதன் முடிவு. செய்தவர்கள் வைத்திருந்த கணக்கே அவர்களைக் காத்தது என்பது எமது எண்ணம்.

நமக்கு அண்மையிலுள்ள நாட்டைப் பார்ப்போம். பாரதத்தின் தேஜஸ் என்னும் போர்விமானம் 2001 தை 4 ஆந் திகதி பெங்களூரில் முதன்முதற் பறந்தது. அதன் உடலில் நிறையால் ஏறத்தாழ 45 சதவீதம் கூட்டுப்பொருள். வாற்செட்டையும் சுக்கானும் முன்சொன்ன தேசிய விண்ணூர்தி ஆய்வுகூடத்தில் வளர்ந்தவை. அங்கே தோலையும் அதனைத் தாங்கும் விலாக்களையும் தனித்தனியே செய்து ஆணியடிக்காது, ஒன்றாய் அடுக்கி ஒரே அடுப்பில் ஒன்றாய் இறுகச் செய்யும் வித்தையைக் கைக்கொண்டனர். ஆணி குறைந்தால் துளை குறையும்; துளை குறைந்தால் விரிசலுக்கு வாசல் குறையும். அந்த அடுப்புகளையும் அவ்வாய்வுகூடத்தாரே கட்டிப் பிறர்க்கும் கொடுத்தனர். இன்று அவ்விமானத்தின் இறக்கைகள் கோயம்புத்தூரிலே லார்சன் அன்ட் ரூப்ரோ கம்பனியின் ஆலையில் ஆக்கப்படுகின்றன. தேஜஸ் விமானப் படைப்பிரிவு நிற்கும் சூலூரும் அவ்வூர்ப் பக்கந்தான். ஆகவே, தமிழ் பேசும் கைகள் இத்தொழிலை அறியாதன அல்ல.

இத்துறையின் தமிழ்க் கதையில் டாக்டர் அப்துல் கலாம் அவர்களை விட்டுவிட முடியாது. அவர் தந்தையார் இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகரை ஏற்றிச்செல்லக் கடற்கரையிலே மரப்படகு கட்டியவர். அந்தப் படகைப் புயலொன்று கொண்டுபோயிற்று. படகு உருவாவதைக் கண்ட சிறுவன் குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் கற்று, தும்பாவிலே உந்துகணைக்கான நார்ப்பொருள் வேலையிலும் ஈடுபட்டு, பின்னர் ஐதராபாத்தில் அக்கினி ஏவுகணையை உருவாக்கினார். 1989 வைகாசி 22 இல் ஏவப்பட்ட அதன் மூக்கு, காற்றுமண்டலத்துக்குள் மீளும் தீச்சூட்டைத் தாங்கக் காபன் கூட்டுப்பொருளால் ஆனது. ஆனால் நாம் போற்றுவது ஏவுகணையை அன்று. எலும்பு வைத்தியர் ஒருவர் அவ்வாய்வுகூடத்திற்கு வந்து இந்த இலேசான பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தார். பார்த்தவர், கலாம் அவர்களைத் தம் ஆசுபத்திரிக்கு அழைத்துச் சென்று, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட இரும்புத் தாங்கியைக் காலிற் கட்டி இழுத்து நடக்கும் பிள்ளைகளைக் காட்டினார். சில வாரங்களிலே 300 கிராம் நிறையுள்ள தாங்கி தயாராயிற்று. தம் வாழ்வின் பேரானந்தங்களுள் ஒன்றென அதனைக் கலாம் பல மேடைகளிற் சொல்லியிருக்கின்றார். யுத்தத்தில் அவயவம் இழந்தோர் நம் மாகாணத்தில் எத்தனை பேர் என்று எண்ணுவோர்க்கு, நாம் இதனை ஏன் இங்கு எடுத்தோதினோம் என்பது விளங்கும்.

இனித் தம்பியின் கதைக்கு வருவோம். 2004 மார்கழி 26 ஆந் திகதி நாவலடியிலும் திருச்செந்தூரிலும் டச்பாரிலும் நடந்ததை இச்சபையில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆட்களோடு தோணிகளும் போயின. பின்னர் உதவி வந்தது. உலகமெங்குமிருந்து நல்ல மனத்தோடு வந்தது. விரைவிற் படகு வேண்டுமென்று எல்லாரும் கேட்டனர். விரைவிற் படகு கட்டவும் பலர் முன்வந்தனர், அதற்குமுன் படகு கட்டி அறியாதவர் உட்பட. அவற்றுட் குறையுள்ளவை பலவென்பதை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் பின்னர் எடுத்துக்காட்டி, கட்டுவோர்க்குப் பயிற்சியும் அளிக்க முன்வந்தது. மெல்லிய அடிப்பாகம், நார் நனையாத இடங்கள், பசை மிகுந்து நார் குறைந்த இடங்கள் என்பன இவ்வேலையிலே அவசரத்தின் அடையாளங்கள். கொடுக்கும்போது எல்லாப் படகும் ஒரேமாதிரி நீலமும் வெள்ளையுமாய் மினுங்கும். கடலில் அலை அடித்து அடித்துத்தான் வேற்றுமை தெரியும். அப்பொழுது கரை தூரத்தில் இருக்கும்.

விமானத்துக்கென்றால் கடதாசித் துண்டையும் எண்ணுகின்றனர். மீனவனுடைய தோணிக்கென்றால் எத்தனை பாய் விரித்தோம் என்பதைக்கூட யாரும் எழுதி வைப்பதில்லை. இரண்டிலும் ஏறுவது உயிர்தானே? அடுப்பும் குளிரறையும் நமக்கு வேண்டாம்; அவை தோணிக்குத் தேவையுமில்லை. ஆனால் விமான ஆலையிலிருந்து ஒரு காசு செலவின்றி எடுத்துக்கொள்ளத்தக்க பழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வோர் உறுப்போடும் ஒரு குறிப்பு ஏடு நடக்கின்றது. எந்தத் திகதி, எந்தப் பீப்பாய்ப் பசை, எத்தனை படை, யார் அடுக்கினார், யார் பார்வையிட்டார் என்பன அதிலே கையொப்பத்தோடு இருக்கும். சாதாரணக் கொப்பியிலும் இதை எழுதலாம். தோணி வாங்குபவர் அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கட்டும்! பழைய படகுத் தச்சர்க்கு இது தேவைப்படவில்லை. மரத்தின் நாரும் கணுவும் வெளியே தெரிந்தன, வாங்குபவரும் மரம் அறிந்தவர். பொருள் மாறியபோது வாங்குபவரின் அறிவு மாறவில்லை என்பதே இடையூறு.

வேலை செய்யும் இளைஞர்க்கும் இரண்டு சொல். இறுகிய நாரை அரத்தால் தேய்க்கும்போது எழும் தூசு நெஞ்சுக்கு ஆகாது. துணியைக் கட்டினால் மட்டும் போதாது, அதற்குரிய முகமூடி வேண்டும். கடினமாக்கும் திரவம் கண்ணிற் பட்டாற் பார்வையையே கெடுத்துவிடும். பட்டறையில் தண்ணீர்க் குழாய் அருகே இருக்கட்டும்.

தீராத சிக்கல் ஒன்றும் உண்டு. பழுதான மரத்தோணி மண்ணோடு மண்ணாகும், அல்லது அடுப்பெரிக்க உதவும். இறுகிய பசையை மீண்டும் உருக்க முடியாது. ஆகவே உடைந்த பைபர் தோணிகள் வாவியோரங்களிற் கிடந்தபடியே கிடக்கின்றன. விமானக்காரருக்கும் இதே தலையிடிதான். சூட்டில் மீண்டும் இளகும் பசைகளை அவர்கள் கையாளத் தொடங்கியுள்ளனர். எயார்பஸ் ஏ350 விமானத்தின் உடலினுள்ளே இணைப்புத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் அவ்வகைப் பசையால் ஆனவை. அது தோணி விலைக்கு இறங்கிவர நாள் செல்லும். அதுவரை, உள்ள தோணியை நேரத்தோடு திருத்தி நெடுநாள் வைத்திருப்பதே வழி. விரிசலை மேலே பூசி மறைப்பது திருத்தமாகாது. பழுதைச் சுற்றிலும் சரிவாகத் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, படைபடையாக மீண்டும் அடுக்க வேண்டும். விமான இறக்கையைத் திருத்துவோரும் இப்படியே செய்கின்றனர்.

மேசையின்மேல் இரண்டு துண்டுகள் வைத்திருக்கின்றோம். கைவிடப்பட்ட இரு தோணிகளிலிருந்து, உடையவர்களின் அனுமதியோடு அறுத்து எடுத்தவை. மேற்பக்கம் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் அறுத்த விளிம்பிலே நார் வரிவரியாக நெருங்கி நிற்பதையும், மற்றதன் விளிம்பிலே ஊசி நுழையும் துவாரங்களையும் காண்பீர்கள். விளிம்பைப் பார்க்குமுன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரூபாய் நாணயத்தால் இரண்டையும் தட்டிப் பாருங்கள். கடலுக்குப் போகும் ஐயாமார் முதலில் வரும்படி வேண்டுகின்றோம்.